ரேசரைத் தேர்ந்தெடுப்பது யார்?

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் கருவறையை வெளியே சுற்றி வருகிறவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டாம் ராஜராஜன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில் எழும்பிய அந்தக் கோயிலின் அடித்தளத்தில் நாயன்மார்களின் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக வரிசை கட்டி நிற்கின்றன. பெயர்களும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. பெரியபுராணம் பாடப்பட்டு அதிக காலம் ஆவதற்குள் அதைச் சிற்பமாக்கிக் காட்டிய ஊர் இது. அறுபத்துமூவரில் மானக்கஞ்சாறரும் ஒருவர். மகளின் திருமண நாளில் மாவிரத முனிவராக வந்த சிவன், மணப்பெண்ணின் கூந்தல் தன் பஞ்சவடிக்கு, அதாவது முடியால் திரித்த பூணூலுக்கு, ஆகும் என்றார். தந்தை வாளை உருவினார். மகளின் கூந்தலை அடியோடு அரிந்து முனிவர் கையில் கொடுத்தார். இறையருளால் கூந்தல் மீண்டும் வளர்ந்தது, ஏயர்கோன் கலிக்காமரோடு திருமணமும் நடந்தது என்று கதை மங்களமாக முடிகிறது. கேட்டவர் முனிவர், கொடுத்தவர் தந்தை. கூந்தலுக்கு உரியவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகக் கதையில் இல்லை.

நாயனாரின் பக்தியை இன்றைய தராசில் நிறுத்துப் பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெண்ணின் முடிமேல் கத்தி பட்டபோதெல்லாம் காவிரிக் கரையில் முடிவெடுத்தவர் பெரும்பாலும் வேறொருவராகவே இருந்திருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு தஞ்சை மாவட்டத்து அக்கிரகாரங்களில் கணவனை இழந்த பெண்களுக்குத் தலை மழிக்கப்பட்டது. பருவம் எய்திய சிறுமிகளையும் அந்த வழக்கம் விடவில்லை. மழித்த தலை, நார்மடிப் புடவை, சமையலறை ஓரத்தில் ஓர் இடம் என்று வாழ்க்கை சுருங்கிப்போனது. தஞ்சை மாவட்டம் ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1886-இல் பிறந்த ஆர்.எஸ். சுப்பலட்சுமிக்குப் பதினோரு வயதில் கல்யாணமாகி, சீக்கிரமே கணவர் இறந்துபோனார். பெற்றோர் சவரக்கத்தியை வீட்டுக்குள் விடாமல் மகளைப் படிக்க வைத்தார்கள். 1911-இல் அவர் பட்டம் பெற்றார். 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். சென்னை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகள் தங்கிப் படிக்க விடுதி நடத்தினார். அந்த வீட்டில்கூட, கத்தி வேண்டாம் என்று முடிவெடுத்தது பெற்றோர்தான்.

நேர்த்திக்கடன் வேறு வகை. சுவாமிமலையிலும் வைத்தீஸ்வரன்கோயிலிலும் பெண்கள் தாமாகவே வந்து முடி இறக்குகிறார்கள். கோயில்களில் முடி இறக்கக் கட்டணம் இல்லை என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. அந்த வேலை செய்கிறவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. திருப்பதியில் பெண் பக்தர்களுக்கு முடி எடுக்கப் பெண் பணியாளர்கள் இருக்கிறார்கள். கூச்சம் என்று ஒன்று உண்டு, அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

பிரசவ வார்டில் அந்த யோசனை குறைவு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பிரசவத்துக்கு முன் மழித்துவிடுவது நெடுங்கால வழக்கமாக இருந்ததால், பல பெண்களுக்கு உடம்பில் முதன்முதலாக பிளேடு பட்டதே வலி எடுத்துப் படுத்திருந்த அந்த நேரத்தில்தான். சாதாரணப் பிரசவத்துக்கு இப்படி மழிக்கத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அறுவைச் சிகிச்சை குறித்து 2016-இல் அது வெளியிட்ட நெறிமுறை இன்னும் கறாரானது: முடியை அகற்றவே வேண்டாம், அகற்றியே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் கத்தரிக்கலாம், ரேசர் கூடாது. பிளேடு தோலில் உண்டாக்கும் நுண்ணிய கீறல்கள் வழியே கிருமி இறங்கும் என்பதே காரணம்.

இப்போதுதான் நிலைமை வேறாகிறது. தாராசுரத்திலிருந்து கும்பகோணத்துக்கு டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்ணுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அம்மாவின் கணக்கில் 2023 முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறுகிறது. பெரிய கடைத்தெருவின் ஃபேன்சி ஸ்டோரில் வளையல், பொட்டு அட்டைகளுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு ரேசர்கள் தொங்குகின்றன. கையில் தன் காசோடு, தன் உடம்புக்கு என்ன வேண்டும் என்று தானே தீர்மானித்து ஒரு பெண் அந்தக் கொக்கியிலிருந்து ஒன்றை எடுக்கிறாள். பட்டுத்தறி ஓசை கேட்கும் இந்த ஊருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எதைப் பார்த்து எடுப்பது? அதைச் சொல்ல ஆள் இல்லை. பையன்களுக்கு சலூன் ஒரு பள்ளிக்கூடம். முகத்தை நனைப்பது, நுரை பூசுவது, முடி போகும் திசையில் கத்தியை இழுப்பது, கடைசியில் படிகாரக் கல்லைத் தேய்ப்பது என்று எல்லாவற்றையும் முறைக்குக் காத்திருக்கும்போதே பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் கற்பது தாழிட்ட குளியலறையில். பெரும்பாலும் அண்ணனுடைய பழைய ரேசரில், தண்ணீர் தொடாமல், அவசர அவசரமாக. கடையில் வாங்கினாலும் விலையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் நடக்கிறது. இன்று பெண்களுக்குப் பற்றாக்குறையாக இருப்பது விவரம். ரேசர் தாராளமாகவே கிடைக்கிறது. கம்பெனியும் கடைக்காரரும் பள்ளியும் சுகாதாரத் துறையும் வெட்கப்படாமல் அந்த விவரத்தைச் சொல்ல வேண்டும்.

பயமுறுத்தும் கதைகள்

முதலில் கழற்றிப் போட வேண்டியது ஒரு பழைய பயத்தை. மழித்தால் முடி அடர்த்தியாக, கறுப்பாக வளரும் என்று பாட்டி முதல் பார்லர் வரை சொல்கிறார்கள். மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1928-லேயே இதைச் சோதித்துப் பார்த்து, மழிப்பதால் முடியின் பருமனோ நிறமோ வளரும் வேகமோ மாறவில்லை என்று எழுதிவிட்டார். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. பிளேடு அங்கே போவதே இல்லை. தானாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். வெட்டிய முடியின் நுனி தட்டையாக இருப்பதால் தடவும்போது சொரசொரக்கிறது, பார்வைக்கும் தடித்தது போலத் தெரிகிறது. விஷயம் அவ்வளவுதான்.

இரண்டாவது, அக்குள் கறுப்பதற்கெல்லாம் ரேசர்தான் காரணம் என்பது. மழுங்கிய பிளேடால் மீண்டும் மீண்டும் சுரண்டினால் நம் நிறத்துத் தோலில் கறுப்பு படியும் என்பது உண்மை. ஆனால் கழுத்தின் பின்புறமும் அக்குளும் சேர்ந்து வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். அதற்குச் செய்ய வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை. ரேசரை மாற்றிப் பயனில்லை.

அப்படியானால் மஞ்சள்? காவிரியிலும் அரசலாற்றிலும் படித்துறைகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் பயத்தம்மாவும் தேய்த்துக் குளித்தது முகத்துப் பூனைமுடியையும் மனதில் வைத்துத்தான். அந்த நம்பிக்கையை முழுதாகத் தள்ளிவிட முடியாது. மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக் கிழங்கின் எண்ணெயைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் அக்குளில் பூசச் சொல்லிப் பார்த்து, முடி வளரும் வேகம் குறைந்ததாக 2017-இல் வெளியிட்டார்கள். ஆனால் அது வேறு கிழங்கு, வடித்தெடுத்த எண்ணெய், தினமும் பூசிய சோதனை. சமையலறை மஞ்சள்தூளை ஒருநாள் பூசி மறுநாள் பலன் தேடினால் புடவையில் கறை மட்டும் மிஞ்சும்.

எந்த இடத்துக்கு எது

ரேசர் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உடம்பில் எந்த இடத்துக்கு என்பது. ஒரே கருவி எல்லா இடத்துக்கும் ஒத்துவராது.

கைகால் பரப்பு பெரியது, முடி பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். இங்கே தலைப்பகுதி வளைந்து கொடுக்கிற, கைப்பிடி நீளமான, இரண்டு மூன்று பிளேடு உள்ள ரேசர் போதும். கைப்பிடி ஈரத்தில் வழுக்காமல் ரப்பர் வைத்திருந்தால் நல்லது. முழங்காலையும் கணுக்காலையும் சுற்றித்தான் அதிகம் வெட்டுப்படும். அங்கே அழுத்தாமல், கருவியின் எடையே இழுக்கும்படி விட வேண்டும். அக்குளில் முடி பல திசையில் வளரும், தோலும் குழிந்திருக்கும். அகலம் குறைந்த, முனை உருண்டையான தலை வேண்டும். கையை உயர்த்தித் தோலை இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழும் பிறகு பக்கவாட்டிலும் இழுக்கலாம். மழித்த கையோடு டியோடரன்ட் அடித்தால் எரியும்.

முகத்துக்கு என்று பேனா போன்ற ஒற்றை பிளேடு ரேசர்கள் வருகின்றன. விளிம்பில் நுண்ணிய பற்கள் இருப்பதால் ஆழமாக வெட்டாது. புருவத்தைச் சீராக்கவும் கன்னத்துப் பூனைமுடிக்கும் அது போதும். பருவோ மருவோ இருக்கிற இடத்தைத் தொடக்கூடாது. மோவாயில் திடீரெனத் தடித்த முடி முளைத்து, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் வரை அது கண்டுபிடிக்கப்படாமலே இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோவாய் முடியை மட்டும் ஒளித்து ஒளித்து மழித்துக்கொண்டிருந்தால், உள்ளே இருக்கும் காரணமும் கூடவே ஒளிந்துகொள்கிறது.

அந்தரங்கப் பகுதியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, ஆகவே அங்கேதான் காயம் அதிகம். முடி அகற்றிக்கொள்ளும் அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வொன்று 2017-இல் வெளிவந்தது. அவர்களில் நான்கில் ஒருவர் காயப்பட்டிருந்தார், பெரும்பாலும் வெட்டுக்காயம். அங்கே முடி இருப்பது அழுக்கு என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. உராய்விலிருந்து தோலைக் காப்பதே அதன் வேலை. குறைக்க வேண்டும் என்று விரும்பினால், மேலே சீப்பு போன்ற தடுப்பு மாட்டிய டிரிம்மரால் கத்தரித்துக்கொள்ளலாம். அறுவைச் சிகிச்சை அறையில் ரேசருக்குப் பதில் கிளிப்பர் வந்த அதே காரணம் இங்கேயும் பொருந்தும்.

சுருண்ட முடி உள்ளவர்கள் பிளேடு எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியை மேலே இழுக்கும், அடுத்தது வெட்டும். வெட்டுப்பட்ட முடி தோல்மட்டத்துக்குக் கீழே உள்வாங்கிக்கொள்ளும். அந்த நிமிடத்துக்கு வழவழப்பு கிடைக்கும். சுருண்ட முடியோ மேலே வர வழியில்லாமல் உள்ளேயே வளைந்து, சிவந்த கட்டியாக எழும். அப்படிக் கட்டி வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு பிளேடே நல்லது.

சர்க்கரை நோய் உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் மின்சார டிரிம்மரையோ ஷேவரையோ எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. தோலில் சொரசொரப்பு மிஞ்சும்; வெட்டு விழாது. வாங்கும்போது பெட்டியில் ஐபிஎக்ஸ் 7 என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அதற்குப் பொருள். அது இல்லாததைக் குழாயடியில் கழுவினால் சீக்கிரம் பழுதாகிவிடும்.

வாளித் தண்ணீரும் ஐந்து ரூபாயும்

ரேசர் தயாரிப்பில் இந்தியாவைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை ஆண்களுடையது. ஜில்லட் கம்பெனி 2002-இல் வெக்டர் என்ற ரேசரை இந்தியாவுக்காகக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்களுக்குப் பிடித்திருந்தது. இங்கே வந்ததும் சிக்கியது. அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. இங்கே பலர் தரையில் உட்கார்ந்து, கையில் சின்னக் கண்ணாடியும் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீருமாகச் சவரம் செய்தார்கள். பிளேடுகளுக்கு நடுவே முடி அடைத்துக்கொண்டது. கம்பெனிக்காரர்கள் வீடுவீடாக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். 2010-இல் ஒற்றை பிளேடோடு ஜில்லட் கார்டு வந்தது. அதே கம்பெனியின் மாக் 3 ரேசரில் 25 பாகங்கள், இதில் நான்கே. அப்போது விலை 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய்.

காவிரி டெல்டாவின் பெரும்பாலான வீடுகளில் பெண் குளிப்பதும் வாளியும் மக்குமாகத்தான். குளியலறை சிறியது, வெளிச்சம் குறைவு, வெளியே அடுத்தவர் காத்திருக்கிறார். நின்றுகொண்டு காலைத் தூக்கி வைக்க இடம் இருக்காது. இந்த நிலைமையை யாரும் இப்படி வீடுவீடாக வந்து பார்த்துப் பெண்களுக்கென்று ஒரு ரேசரை உருவாக்கியதாகத் தெரியவில்லை. பெண்களின் ரேசருக்கு வரலாறு இல்லாமலும் இல்லை. கிங் கேம்ப் ஜில்லட் தன் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை பெற்றது 1904-இல். பதினொரு வருடத்தில், 1915-லேயே, அதே கம்பெனி அமெரிக்கப் பெண்களுக்காக மிலேடி டெகொல்டே என்ற ரேசரை விற்றது. கையில்லாத சட்டை நாகரிகமான காலம் அது; அக்குள் முடி அநாகரிகம் என்று பத்திரிகை விளம்பரங்கள் சொல்லிக்கொடுத்தன. நூறு ஆண்டுக்கு மேலாகியும் பெண்ணுக்கான ரேசரில் கம்பெனிகள் அதிகம் யோசித்தது கைப்பிடியின் நிறத்தையும் வாசனையையும்தானோ என்று தோன்றுகிறது.

நிறத்துக்கு விலையும் உண்டு. நியூயார்க் நகரத்தின் நுகர்வோர் துறை 2015-இல் ஆணுக்கும் பெண்ணுக்குமான ஒரே மாதிரிப் பொருட்களை அருகருகே வைத்து ஒப்பிட்டது. பெண்களுக்கான ரேசர் சராசரியாக 11 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றது. நியூயார்க் மாநிலம் 2020-லும் கலிபோர்னியா 2023-லும் இப்படிப் பாலினம் பார்த்து விலை வைப்பதைச் சட்டத்தால் தடுத்தன. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. எடையளவுச் சட்டத்தின்கீழ் வரும் விதிகள், பொட்டலப் பொருட்களில் மொத்த விலையோடு ஓர் அலகின் விலையையும் அச்சிடச் சொல்கின்றன. ஐந்து ரேசர் உள்ள பையில் ஒரு ரேசர் எவ்வளவு என்று அதைப் பார்த்தே ஆண்கள் வரிசையில் தொங்குவதோடு ஒப்பிடலாம். காலிலும் கையிலும் இழுப்பதற்கு ஆண்களுக்கான சாதாரண ரேசரைப் புதிதாக வாங்கித் தனக்கென்று வைத்துக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை. இரண்டிலும் வேலை செய்வது எஃகு பிளேடுதான்.

மீண்டும் வாளிக்கு வந்தால், வாளித் தண்ணீரில் குளிக்கிறவர்கள் பிளேடு குறைவாகவும் பின்புறம் திறந்தும் இருக்கிற ரேசரைத் தேட வேண்டும். தண்ணீரை ஊற்றினால் முடி பின்வழியாக வெளியேறிவிடும். தேங்காய் எண்ணெய் தடவி மழித்தால் நன்றாக வழுக்கும். ஆனால் நெருக்கமான பிளேடுகளுக்குள் எண்ணெயும் முடியும் கலந்து பிசினாகிவிடும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் சோப்பு நுரைக்காது. ஷேவிங் கிரீம் எளிது. அதற்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. எதைப் பூசினாலும் குளியலின் தொடக்கத்தில் மழிக்கக்கூடாது. முடி சில நிமிடம் ஊறி மெத்தென்று ஆன பிறகு, குளியலின் கடைசியில்தான் செய்ய வேண்டும்.

ஊற வைப்பது பிளேடுக்கும் நல்லது. எஃகு முடியைவிட ஐம்பது மடங்கு கடினம், ஆனாலும் மழுங்குகிறதே, ஏன் என்று எம்ஐடி ஆய்வாளர்கள் 2020-இல் மின்னணு நுண்ணோக்கியின் கீழே மழித்துப் பார்த்தார்கள். முடி வளைந்து சாய்ந்த கோணத்தில் பிளேடைச் சந்திக்கும்போது விளிம்பில் நுண்ணிய துண்டுகள் பெயர்வது தெரிந்தது. ஐந்து முதல் ஏழு முறைக்குள் பிளேடை மாற்றிவிடுங்கள் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. நூறு ரூபாய் கொடுத்து வாங்கியதை மாதக்கணக்கில் இழுப்பதைவிட, விலை மலிவான ஒன்றை வாங்கி வேளையோடு மாற்றுவது தோலுக்கும் காசுக்கும் லாபம்.

சேறு, ரத்தம், குப்பை

டெல்டாவுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று நடவுக்கு இறங்குகிறவர்கள் பெண்களே. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சலின் கிருமி இருக்கலாம். தோலில் உள்ள கீறல் வழியே அது உடம்புக்குள் நுழையும். காலை மழித்துவிட்டு மறுநாள் விடிகாலையில் சேற்றில் நிற்பது அதற்கு வாசல் திறந்து வைப்பதாகும். நடவும் களையெடுப்பும் உள்ள வாரங்களில் கால் முடியை அப்படியே விட்டுவிடுவது உத்தமம், முடியாதென்றால் டிரிம்மர். இதை எந்த ரேசர் அட்டையிலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

ஒரே ரேசரை அக்காவும் தங்கையும், கணவரும் மனைவியும் பங்கு போட்டுக்கொள்வதும் வீடுகளில் சாதாரணம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். காய்ந்துபோன ரத்தத் துளி கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் போதும். விடுதி மாணவிகள் சோப்பை மாற்றிக்கொள்ளலாம், ரேசரைக் கூடாது. பயன்படுத்தியதும் கழுவி, உதறி, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். குளியலறை ஜன்னல் விளிம்பில் சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் ரேசரில் துருவும் கிருமியும் சேர்ந்தே வளரும்.

தேய்ந்த பிளேடைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டால், தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் அது போய் நிற்கிறது. கும்பகோணம் மாநகராட்சியோடு தாராசுரமும் இணைந்துவிட்டதால் குப்பை வண்டி வாசலுக்கே வருகிறது. மூடியில் ஒரு பிளவு வெட்டிய பழைய டப்பாவில் போட்டு வைத்து, நிறைந்ததும் டேப் ஒட்டி, உள்ளே பிளேடு இருக்கிறது என்று எழுதித் தனியாகக் கொடுக்கலாம்.

கேலியும் வியாபாரமும்

தேர்வு என்று சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாணவியின் புகைப்படம் வெளியானது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு முகத்திலிருந்த முடியைப் பார்த்து ஊரே கேலி செய்தது. சில நாளில் பாம்பே ஷேவிங் கம்பெனி ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. கேலிக்குப் பயந்து எங்கள் ரேசரை எடுக்கும் நிலை உனக்கு வர வேண்டாம் என்று ஆறுதல் சொல்வதுபோல அது அமைந்திருந்தது. அந்தப் பெண்ணின் வேதனையிலும் தங்கள் பெயரை அச்சிட்டுக்கொண்டார்களே என்று கம்பெனிக்கும் கண்டனம் கிளம்பியது. கண்டனம் நியாயமானதுதான். அந்தக் கேலி நம் ஊர்ப் பள்ளிகளிலும் இல்லாமல் இல்லை. மீசைக்காரி என்று பட்டப்பெயர் வாங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து அப்பாவின் பிளேடைத் தேடுகிறது. அந்த நேரத்தில் ரேசரைத் தேர்ந்தெடுப்பது அவள் இல்லை, வகுப்பில் சிரித்தவர்கள்.

பெண்கள் கூந்தலைக் கிராப் வெட்டிக்கொள்ளலாம் என்று பெரியார் சொன்னபோது இதே மண்ணில் அதிர்ச்சியடைந்தவர்கள் ஏராளம். இன்று கிராப் வெட்டிய பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கால் முடியோடு பாவாடை தாவணியில் பேருந்து ஏறுகிற பெண்ணையும், மழித்த காலோடு ஏறுகிற பெண்ணையும் அதே போல விட்டுவிட வேண்டியதுதான். இதற்கு மாமியாரின் ஒப்புதலும் வேண்டாம், தோழிகளின் வற்புறுத்தலும் வேண்டாம்.

பெண்களுக்கு இந்த விவரத்தைச் சொல்லப் பெரிய செலவு எதுவும் இல்லை. பள்ளிகளில் மாதவிலக்கு பற்றிப் பேசவும் நாப்கின் கொடுக்கவும் புதுயுகம் திட்டம் பத்தாண்டுக்கு மேலாக நடக்கிறது. அந்த வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி உடம்பு முடியைப் பற்றியும் சொல்லலாம்: எல்லோருக்கும் வளரும், மழிப்பது கட்டாயம் இல்லை, மழித்தால் இப்படிச் செய்ய வேண்டும். பையன்களையும் அந்த வகுப்பில் உட்கார வைப்பது நல்லது. தயாரிப்பாளர்கள் அட்டையின் முன்பக்கத்தில் பூப்படத்தைக் குறைத்து, எந்த இடத்துக்கு உகந்தது, எத்தனை முறைக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிடட்டும். ஃபேன்சி ஸ்டோரில் ஒரு விற்பனைப் பெண்ணுக்காவது இந்த விவரம் தெரிந்திருக்கட்டும். பிரசவத்துக்கு வரும் பெண்ணிடம் மழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே, கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே, செவிலியர் சொல்லிவிடலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுப்படி ஏறும் பெண் தன்னார்வலர், வீட்டிலிருக்கும் இளம்பெண்ணிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, மோவாயில் புதிதாக முடி முளைக்கிறதா? ஆம் என்று தலையசைக்கிறவரை மருத்துவரிடம் அனுப்ப ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தால் போதும்.